தொடக்கப்பள்ளி மாணவரின் கணிதப் புரிதலில் துணைப்பாட வகுப்பின் பங்கு

முன்னுரை

மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மாதச் செலவுக் கணக்கில் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தை அடுத்து இடம்பெறுவது பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக் கட்டணமாகும். மலேசியாவில் ‘பிரத்தியேக வகுப்பு’ என்றும் ‘டியூஷன்’ என்றும், சிங்கப்பூரில் ‘துணைப்பாட வகுப்பு’ என்றும் வழங்கப்பெறும் இவ்வகுப்புகளுக்குப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்புவதற்குக் கூறும் காரணங்களுள் ‘கணக்கு வரவில்லை’ என்பது பெரும்பாலும் முதலாவதாக நிற்கின்றது. 1988 முதல் ஆறாம் ஆண்டின் இறுதியில் நடத்தப்பெற்று வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. எனினும், தேர்வை முன்னிட்டு உருவான பயிற்றுமுறை துணைப்பாட வகுப்புகளிலிருந்து முற்றாக அகன்றுவிடவில்லை. குறுகிய நேரத்தில் மிகுதியான கணக்குகளைச் செய்வித்தல், விடை தவறாயின் அடித்துத் திருத்துதல், மீண்டும் அதே வகைக் கணக்கைக் கொடுத்தல் ஆகியனவே அம்முறையின் கூறுகளாகும்.

இம்முறையால் பயனடையும் மாணவர் உளர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், புரிதலில் இடறிய மாணவனுக்கு இது எந்த அளவிற்கு உதவுகின்றது என்னும் வினா எழுகின்றது. துணைப்பாட வகுப்பு, பள்ளி வகுப்பின் மறுபதிப்பாக அமையாமல், மாணவன் தன் சிந்தனையைச் சொல்லவும் ஆசிரியர் அதனைக் கேட்கவும் வாய்ப்பளிக்கும் இடமாக அமையும்போதே கணிதப் புரிதலுக்கு உதவும் என்பதனை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. தமிழ்வழிக் கணிதம் பயிலும் பிள்ளைகள் இடறும் சில இடங்கள் மொழியோடு தொடர்புடையன ஆதலின், அவையும் ஈண்டு எடுத்துக்காட்டப்படுகின்றன.

தனித்துக் கற்பித்தலின் ஆற்றல்

ஒருவருக்கு ஒருவர் என்ற நிலையில் கற்பிப்பதன் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையைச் சுட்டுவது வழக்கம். தனித்துக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சி நின்றதாக அவர் அதில் எடுத்துரைத்தார். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய பயனைக் காட்டவில்லை. கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, புளூம் சுட்டிய இரண்டு திட்டவிலக்க அளவிலான முன்னேற்றத்திற்கு மாறாக 0.79 திட்டவிலக்க அளவையே கண்டார். அதுவும் கல்வித்துறையில் சிறிய பயனன்று. எனவே, தனித்துக் கற்பித்தல் பயன்தரும் என்பதில் ஐயமில்லை. அப்பயன் எதனால் விளைகின்றது என்பதே அறியத்தக்கது.

‘சாரம் கட்டுதல்’ என்னும் கருத்தைக் கல்வியியலுக்கு வழங்கிய டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோரின் 1976ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு ஒரு விடை தருகின்றது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகள் 21 மரக்கட்டைகளைப் பொருத்திக் பிரமிடு வடிவம் ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது. கற்பிப்பவர் முழுவதையும் செய்து காட்டிவிடவில்லை; குழந்தை தானே செய்ய இயன்றவற்றை அதனிடமே விட்டு, இயலாத இடத்தில் மட்டும் கைகொடுத்தார். கட்டடம் எழும்பும் வரை சாரம் நிற்கும், எழுந்தபின் அவிழ்க்கப்படும். பிள்ளைக்காக ஆசிரியரே கணக்கைச் செய்து முடிப்பது சாரம் கட்டுவதாகாது.

மிசலின் சீ என்பாரும் அவர்தம் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வும் நோக்கத்தக்கது. குருதியோட்டம் பற்றிய பாடத்தில், கற்பிப்போர் விளக்கம் தருவதைத் தவிர்த்து மாணவரைப் பேசத் தூண்டுவதோடு நிறுத்திக்கொண்டபோதும் மாணவர் குறைவின்றிக் கற்றனர். ஆசிரியர் நன்கு விளக்குவது மட்டுமே கற்றலுக்குக் காரணமன்று. மாணவன் தன் வாயால் விளக்குவதும் காரணமாகும் என்பது இதனால் தெரியவருகின்றது.

சரியான விடையும் தவறான புரிதலும்

விடைகள் சரியாக இருப்பது புரிதலுக்குச் சான்றாகுமா? 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர், பென்னி என்று தாம் குறிப்பிட்ட அமெரிக்க ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் பயிற்சித்தாள்களைத் தானே செய்து, விடைப்பட்டியலைக் கொண்டு மதிப்பிடப்பெற்று, அடுத்த படிக்குச் செல்லும் முறையில் கணிதம் பயின்றவன். கணிதத்தில் தேர்ந்த மாணவருள் ஒருவனாகவே கருதப்பட்டான். அவனோடு அமர்ந்து உரையாடியபோதுதான், பின்னத்தைத் தசமமாக மாற்ற அவன் தொகுதியையும் பகுதியையும் கூட்டி வந்தமை வெளிப்பட்டது. 2/10 என்பது அவனுக்கு 1.2, 5/10 என்பது 1.5. பயிற்சித்தாள்கள் பல செய்தும் எவரும் இதனை அறியவில்லை. ‘எப்படிச் செய்தாய்?’ என்று எவரும் கேளாமையே அதற்குக் காரணம்.

ரிச்சர்ட் ஸ்கெம்ப் 1976இல் புரிதலை இருவகைப்படுத்தினார். விதியை அறிந்து விடையைப் பெறுவது ஒன்று. அவ்விதி ஏன் பொருந்துகின்றது என்பதையும் சேர்த்து அறிவது மற்றொன்று. முன்னதை விரைவில் கற்பிக்கலாம். உடனடிப் பயனும் உண்டு. பின்னதற்கு நேரம் தேவை. கட்டணம் செலுத்தும் பெற்றோர் அடுத்த மாதமே மதிப்பெண் உயர வேண்டும் என எதிர்பார்க்கும் சூழலில், துணைப்பாட ஆசிரியர் முன்னதை நாடுவது வியப்பன்று.

ஒரு கழித்தல் கணக்கு

நாமும் இத்தவற்றிலிருந்து விலகி நின்றோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் முயற்சியொன்றில் ஈடுபட்டிருந்தோம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி 52இலிருந்து 17ஐக் கழித்து 45 என எழுதினாள். ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்று தாயார் அவள் முன்னிலையிலேயே எம்மிடம் கூறியிருந்தார். நாம் வழக்கம்போல் செய்முறையைக் காட்டினோம். அன்று பத்துக் கணக்குகளையும் சரியாகச் செய்தாள். அடுத்த வாரம் மீண்டும் 45.

அப்போதுதான், ‘இதை எப்படிச் செய்தாய், சொல்’ என்று கேட்டோம். சற்றுத் தயங்கிய அவள், ‘ரெண்டுலேர்ந்து ஏழு போகாது. பெரிய எண்ணுலேர்ந்துதானே சின்ன எண்ணைக் கழிக்கணும், டீச்சர்? அதான் ஏழுலேர்ந்து ரெண்டு’ என்றாள். முதலாம் ஆண்டில் அவளுக்குச் சொல்லித் தரப்பட்ட விதியை அவள் தவறாது பின்பற்றியிருந்தாள். அது 52, 17 என்னும் முழு எண்களுக்கு உரியது. அவள் அதனை ஒவ்வோர் இலக்கத்திற்கும் பொருத்திவிட்டாள். ‘பக்கத்தில் கடன் வாங்கு என்று சொன்னோமே’ என்றபோது அவள் கேட்ட வினா நம்மைத் திகைக்க வைத்தது: ‘வாங்குன கடனைத் திருப்பிக் கொடுக்க வேணாமா?’

கடன் என்ற சொல்லை அவள் வீட்டில் கேட்ட பொருளிலேயே புரிந்துகொண்டிருந்தாள். கழித்தலில் நிகழ்வது கடனன்று; ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுதலாகும். தாளில் செய்த ஐந்து பத்து ரிங்கிட் நோட்டுகளையும் இரண்டு ஒரு ரிங்கிட் நோட்டுகளையும் அவளிடம் கொடுத்து, ‘இதிலிருந்து 17 ரிங்கிட் கொடு’ என்றோம். ஒரு பத்து ரிங்கிட்டைத் தந்தபின், மீதி ஏழுக்குத் தன்னிடம் ஒரு ரிங்கிட் நோட்டுகள் போதாமையைக் கண்டு, ‘ஒரு பத்து வெள்ளியை மாத்திட்டு வரணும்’ என்றாள். நாம் பல முறை விளக்கியும் அவளைச் சென்றடையாதது, கடைக்குச் சென்று வந்த அவள் பட்டறிவில் முன்பே இருந்தது. மாற்றியபின் நான்கு பத்தும் பன்னிரண்டு ஒன்றும். பதினேழு போக மூன்று பத்தும் ஐந்து ஒன்றும் எஞ்சின. அதன்பின்னரே தாளில் எழுதும் முறைக்குத் திரும்பினோம்.

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் கவனக்குறைவால் மட்டும் நேர்வன அல்ல. அவற்றுட் பல, ஒழுங்கான ஆனால் பிழையான விதியைப் பின்பற்றுவதால் விளைவன என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகியோர் 1978இல் விரிவாக எடுத்துக்காட்டினர். விதி பிழையாக இருக்கையில் பயிற்சியைப் பெருக்குவது அப்பிழையையே உறுதிப்படுத்தக்கூடும்.

எண்ணுப்பெயரும் இடமதிப்பும்

தமிழில் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் இடமதிப்பை வெளிப்படையாகக் காட்டுவன. ‘இருபத்து மூன்று’ என்பதில் இரு பத்தும் மூன்றும் தெளிவாக உள்ளன. ஆங்கிலத்தில் பதின்மூன்று முதலிய எண்களில் ஒன்றின் பெயர் முன்னும் பத்தின் பெயர் பின்னும் வருவதுபோன்ற இடர்ப்பாடு தமிழில் இல்லை. ஆயின், ஒன்பதில் இவ்வொழுங்கு மாறுகின்றது. எண்பதை அடுத்து வருவது ‘தொண்ணூறு’. அதன் ஈறு நூறு. எண்ணூற்றை அடுத்து வருவது ‘தொள்ளாயிரம்’. அதன் ஈறு ஆயிரம். இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனி விதி கூறியிருத்தல் இலக்கணம் பயின்றோர் அறிந்ததே.

இலக்கண மாணவருக்குச் சுவையான இச்செய்தி, ஏழு வயதுப் பிள்ளைக்கு இடறுகல்லாகலாம். ‘தொண்ணூற்றாறு’ எனச் சொல்லக் கேட்டு 106 என்றும், ‘தொள்ளாயிரத்து ஐந்து’ எனக் கேட்டு 1005 என்றும் எழுதிய பிள்ளைகளை நாம் கண்டுள்ளோம். அப்பிள்ளைக்கு எண் தெரியவில்லை என முடிவு செய்துவிடலாகாது. சொல்லுக்குள் இருக்கும் நூற்றையும் ஆயிரத்தையும் அது நம்பியிருக்கின்றது. இவ்விடத்தில் மலேசியப் பிள்ளைக்கு மலாய்மொழி துணைசெய்யும். மலாயில் தொண்ணூறு ‘செம்பிலான் பூலோ’, அதாவது ஒன்பது பத்து. தொள்ளாயிரம் ‘செம்பிலான் ராத்துஸ்’, அதாவது ஒன்பது நூறு. பிள்ளை அறிந்த மலாய்ச் சொல்லோடு தமிழ்ச் சொல்லை இணைத்து, பத்துப் பத்தாகக் கட்டிய ஒன்பது குச்சிக்கட்டுகளை முன்வைத்துக் காட்டினால் ஐயம் தீரும்.

இங்கு மொழிக்கொள்கையின் தாக்கத்தையும் கருத வேண்டும். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. அக்கொள்கை கைவிடப்படும் என 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழிப் பாடத்திட்டம் சில பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. இதனால், பள்ளியில் ஒரு மொழியிலும் துணைப்பாட வகுப்பில் வேறொரு மொழியிலும் கணிதம் கேட்கும் பிள்ளைகள் உளர். எம்மொழி சிறந்தது என்பது வேறு விவாதம். பிள்ளை எம்மொழியில் எண்ணிப் பார்க்கின்றதோ அம்மொழியில் அது பேச இடமளிப்பதே துணைப்பாட ஆசிரியரின் முதற்கடமை.

பின்னத்தைச் சொல்லும் முறை

2/5 என்னும் பின்னத்தைத் தமிழில் ‘ஐந்தில் இரண்டு’ என்கிறோம். பகுதி எண் முன்னும் தொகுதி எண் பின்னும் வருகின்றன. மலாயில் ‘டுவா பெர் லீமா’ எனத் தொகுதி எண்ணே முன்னர் வரும், ஆங்கிலத்திலும் அவ்வாறே. எழுதும்போதோ மேலிருந்து கீழாக 2, பின்னர் 5 என எழுதப் பழகுகின்றனர். ஆகவே, ‘ஐந்தில் இரண்டு’ எனச் சொல்லக் கேட்ட பிள்ளை, கேட்ட வரிசையிலேயே 5/2 என எழுதிவிடுதல் இயல்பே.

எனினும், இத்தமிழ் வழக்கு ஒரு சிறந்த துணையுமாகும். ‘ஐந்தில் இரண்டு’ என்னும் தொடரே பின்னத்தின் பொருளைச் சொல்லிவிடுகின்றது: முழுமை ஐந்து சமபாகமாயிற்று, அவற்றுள் இரண்டு எடுக்கப்பட்டது. ஒரு தாள்பட்டையை முதலில் ஐந்தாக மடிக்கச் செய்து, பின்னர் இரண்டு பாகங்களுக்கு வண்ணம் தீட்டச் செய்தால், சொல்லின் வரிசையும் செயலின் வரிசையும் ஒன்றுபடும். 1/4ஐ 1/3ஐ விடப் பெரிதெனக் கருதும் பிள்ளையிடம், ‘ஒரே அளவான இரண்டு ரொட்டி, ஒன்றை மூவரும் மற்றொன்றை நால்வரும் பங்கிட்டுக்கொண்டால் யாருக்குப் பெரிய துண்டு?’ என்று கேட்கலாம். நான்கு என்பது மூன்றை விடப் பெரிய எண்ணாயினும், பங்காளிகள் கூடினால் பங்கு சிறுக்கும் என்பதை விளக்கப் பிள்ளைக்கு நம் உதவி தேவைப்படாது.

பிரச்சனைக் கணக்கு

‘கண்ணனிடம் 24 மீன்கள் உள்ளன. அவை வேலனிடம் உள்ளவற்றை விட 6 அதிகம். வேலனிடம் உள்ள மீன்கள் எத்தனை?’ இக்கணக்கிற்கு 30 என விடையெழுதும் பிள்ளைகள் பலர். ‘அதிகம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி’ எனக் குறிச்சொல்லைத் தேடப் பழக்கியதன் விளைவு இது. குறிச்சொல் முறை எளிய கணக்குகளில் வெற்றிதரும். அதனாலேயே பிள்ளை அதனை விடாது பற்றிக்கொள்கின்றது.

1980களில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழுவினர் சிங்கப்பூரில் உருவாக்கிய மாதிரிப்பட முறை இதற்கு நல்ல மாற்றாகும். பிள்ளை ஒருவருக்கு ஒரு கட்டமாக இரண்டு நீள்கட்டங்களை வரைகின்றது. யாருடைய கட்டம் நீளமானது என்பதைக் கணக்கை மீண்டும் படித்து அதுவே முடிவு செய்ய வேண்டும். கண்ணனின் கட்டம் நீளமானது. அதன் முழு நீளம் 24. வேலனின் கட்டத்தை விட மிகுந்து நிற்கும் பகுதி 6. படம் வரைந்தபின், விடை 18 என்பதைப் பிள்ளை கண்ணாலேயே காண்கின்றது. கூட்டலா கழித்தலா என்பதைச் சொல்லன்று, சூழலே முடிவு செய்கின்றது என்பதை அது உணர்கின்றது.

துணைப்பாட ஆசிரியர் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றைக் கொண்டு, ஒரு மணிநேர வகுப்பிற்குரிய ஒழுங்கொன்றை முன்மொழியலாம். முதற் பத்து நிமிடங்கள், சென்ற வாரம் கற்றதைப் பிள்ளை ஆசிரியருக்குச் சொல்லித் தருவதற்கு உரியவை. அடுத்து, மூன்று அல்லது நான்கு கணக்குகள் மட்டும் கொடுக்கப்படல் வேண்டும். விடை சரியாயினும் தவறாயினும் ‘எப்படிச் செய்தாய்?’ என்று கேட்டல் இன்றியமையாதது. தவறான விடைக்கு மட்டும் இவ்வினாவைக் கேட்டால், கேள்வி எழுந்தவுடனேயே பிள்ளை தன் விடையை அழித்துவிடும். பிழையான விதி வெளிப்பட்டபின், கையால் தொட்டறியும் பொருள், பிறகு படம், பிறகு எண் என்ற வரிசையில் செல்லுதல் நன்று. இறுதியாக, விடை சரிதானா என்பதைப் பிள்ளையே சரிபார்க்கும் வழியைப் பழக்க வேண்டும்.

புரிதலை வலியுறுத்துவதால் மனனத்தை நாம் தள்ளிவிடவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனனம் செய்த மரபு நம்முடையது. வாய்பாடு நினைவில் நில்லாத பிள்ளை, வகுத்தலிலும் பின்னத்திலும் ஒவ்வோர் அடியிலும் தடுமாறும். ஆயின், 6 ஏழு எவ்வளவு என்பதை மறந்த பிள்ளை, 5 ஏழு 35, அதனுடன் இன்னோர் ஏழு 42 எனத் தானே மீட்டெடுக்கக் கற்றிருக்க வேண்டும். புரிந்து மனனம் செய்தது மறந்தாலும் மீளும்.

கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களில் மூத்த பிள்ளைகளே இளையோருக்குத் துணையாகலாம். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல் திண்ணைப் பள்ளிகளில் நிலவிய வழக்கமே. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை விளக்கி 1797இல் நூல் வெளியிட்டார். அது பின்னர் ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் பரவியது. அக்காள் தம்பிக்குச் சொல்லித் தரும்போது இருவருமே கற்கின்றனர். விடையைச் சொல்லிவிடாதே, தம்பியைச் சொல்ல விடு என்ற ஒன்றை மட்டும் அக்காளுக்குப் பழக்கினால் போதும்.

பெற்றோர்க்கும் ஒரு பங்குண்டு. வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் ‘எத்தனை கணக்குச் செய்தாய்?’ எனக் கேட்பதற்கு மாற்றாக, ‘ஒரு கணக்கை எனக்குச் சொல்லிக்கொடு’ எனக் கேட்கலாம். கணக்கறியாத பெற்றோரும் இதனைச் செய்ய இயலும். இரண்டாவதாக, ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்ற சொல்லைப் பிள்ளை கேட்கச் சொல்லாதிருத்தல் வேண்டும். எட்டு வயதில் கேட்ட அச்சொல்லைப் பதினெட்டு வயதிலும் சுமந்துகொண்டு பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

முடிவுரை

துணைப்பாட வகுப்பின் சிறப்பு, அங்கு ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள தொலைவு குறைவு என்பதே. முப்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் தவற்றையும் கேட்டறிய ஆசிரியருக்கு நேரம் வாய்ப்பதில்லை. நால்வர் அமர்ந்த வகுப்பில் வாய்க்கின்றது. அவ்வாய்ப்பையும் பயிற்சித்தாள்களால் நிரப்பிவிட்டால், பெற்றோர் செலுத்தும் கட்டணம் மிகுதியான தாள்களைத் தருமேயன்றிப் புரிதலைத் தாராது.

மேலே குறிப்பிட்ட மாணவி அவ்வாண்டில் வகுப்பில் முதலிடம் பெற்றுவிடவில்லை. ஆயின், ஆண்டிறுதியில் ஒரு நாள், கழித்தல் கணக்கொன்றைச் செய்து முடித்து, வழக்கம்போல் நம்மிடம் ஏட்டை நீட்டியவள், சட்டென்று அதனைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். ‘இருங்க டீச்சர், கூட்டிப் பார்த்துட்டுத் தரேன்’ என்றாள். விடை சரியா என்பதை இனி நம்மிடம் கேட்க வேண்டியதில்லை என்பதை அவள் அறிந்துகொண்டாள். துணைப்பாட வகுப்பு நாடவேண்டிய பயன் இதுவே எனலாம்.